ஒரு முழம்கூட இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உனக்குப் பாராட்டு விழா என்று மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை, உனக்கு வேலை இருந்திருக்கும். அம்மாதான் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் மறுபடியும் மலைக்குப் போகிறாயாம். தனியாகப் போகாதே. மழை பிடித்துக்கொண்டால் சரிவுப் பக்கமே போகாதே.

இந்தியத் தட்டு என்கிற, நாட்டையே தாங்கும் பெரிய பாறைப் பலகை இமயமலைக்கு அடியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நுழைகிறது, அதை ஜிபிஎஸ் கருவி நட்டு அளக்கிறோம் என்று சொன்னாய் அல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ போகத் தொடங்கி 20 வருஷம். 40 சென்டிமீட்டர். ஒரு முழம்கூட இல்லை. அதற்காக இத்தனை வருஷம் விடாமல் மலையேற எவ்வளவு பொறுமை வேண்டும்! பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாறைகள் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிற இடத்தில்தான் இறுக்கம் சேரும் என்பாய். 2015 ஏப்ரல் 25, நேபாளத்தில் அது விடுபட்டபோது வந்த நிலநடுக்கத்தின் அளவு 7.8, காத்மாண்டு பக்கம் தரை ஒரு மீட்டர் உயர்ந்தது என்று பிறகு விளக்கினாய். எனக்கு நினைவிருப்பது உன் போன் வராத நான்கு நாட்கள்தான். தனியாகப் போகாதே.

ஆல்ஃபிரட் வேகனரைப் பற்றிப் படித்தேன். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்னவர். பெரிய பெரிய ஆட்கள் நம்பவில்லை. 1960-களில் உலகம் ஒத்துக்கொண்டபோது அவர் இல்லை. 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனியிலேயே போய்விட்டார். வயது 50. உனக்கும் இந்த வருஷம் ஐம்பது.

அவரை நம்பாதவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உன் சிவப்புப் பெட்டி வீடு மாறும்போது தொலையவில்லை பாப்பா. நான்தான் கொட்டினேன். ஒவ்வொரு கல்லிலும் தாள் ஒட்டி, எடுத்த இடமும் தேதியும் எழுதியிருந்தாய். கல் பொறுக்குவதெல்லாம் ஒரு படிப்பா என்று கத்தியது போதாதென்று, நீ பரீட்சைக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டினேன். அம்மாவுக்கும் தெரியாது. சாமான் ஏற்றினவர்களை நீ திட்டினாய், நான் வாய் திறக்கவில்லை. 33 வருஷம் ஆகிறது.

விழாத் தேதியை அம்மாவிடம் சொல். நானும் வரலாமா என்பதை, இதைப் படித்த பிறகு நீயே முடிவு செய். மலைக்கு உன்னோடு யார் வருகிறார்கள் என்று மட்டும் மறக்காமல் எழுது.

அப்பா