பென்சிலால் எழுதிய மனு

டி மொயின், அயோவா
ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டுவதில்லை என்று தெரிந்தும், நான்கு மாதமாக ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேன். பிள்ளைகள், வேலை என்று காரணம் சொல்ல மனம் வரவில்லை. மன்னித்துவிடுங்கள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இரண்டு நாளாக வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. ஈரத் துண்டை வாசலில் உதறினால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்கிறது. நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் படுத்துக்கொள்கிறோம். அந்த அறைக்கு மட்டும் ஹீட்டர் போட்டால் போதும், பிள்ளைகளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்கு இப்போது வீட்டில் இருக்க நேரம் கிடைக்கிறது. சின்னவளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும் கூட்டி வருவதும் அவர்தான். பொங்கலுக்குச் சிறுகிழங்கு இங்கே கிடைக்காது. உருளைக்கிழங்கில் பொடிசாகப் பொறுக்கி, அம்மாவின் பக்குவத்திலேயே செய்து இலையில் வைக்கப்போகிறேன்.

விடிவதற்கு முன்பே நம் வாசல் பனியையும் சேர்த்து வாரிப் போடும் எதிர்வீட்டு அம்மாளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். டிசம்பரில் ஒரு நாள் அவர் கோட்டுக் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து, ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு துக்கம் கேட்கப் போனேன். அவர் என்னை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். 1965 டிசம்பரில், வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காக இந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கர் என்ற பெண்ணுக்கு வயது 13. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1969-ல் 7-க்கு 2 என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்பானது. பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு யாரும் உள்ளே போவதில்லை என்ற பொருளில் நீதிபதி ஏப் ஃபோர்டாஸ் எழுதியிருக்கிறார். எதிர்வீட்டு அம்மாள் அப்போது இதே ஊரில் எட்டாம் வகுப்பு. துணியைப் பையில் வைத்தபடியே பள்ளிக்குப் போனாராம், கட்டத் தைரியம் வரவில்லை. அதற்காகத்தான் இப்போது வருஷா வருஷம் கட்டுகிறார். கொண்டுபோன சாதத்தை இருவருமாகச் சாப்பிட்டோம். இந்த ஊருக்கு வந்த பிறகு இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து நான் சாப்பிட்டது அன்றுதான்.

அந்த ஃபோர்டாஸின் பெயரை வைத்துக்கொண்டு நூலகத்தில் தேடினேன். உங்களிடம் சொல்லவேண்டும் என்றே ஒரு வழக்கு அகப்பட்டது.

புளோரிடாவில் பனாமா சிட்டி என்ற ஊர். கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்பவர் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துச் சில்லறை திருடியதாக 1961-ல் வழக்கு. வக்கீல் வைக்க என்னிடம் பணம் இல்லை, கோர்ட்டே ஒருவரைத் தரவேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கானால்தான் தரமுடியும் என்றார் நீதிபதி. கிடியன் தானே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, தானே வாதாடி, ஐந்து வருஷத் தண்டனை வாங்கினார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர், சிறைத் தாளில் பென்சிலால் மனு எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். அந்த மனுவை சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கொண்டது அப்பா! அவருக்காக வாதாட அந்தக் கோர்ட் நியமித்த வக்கீல்தான், பின்னால் நீதிபதியான அந்த ஃபோர்டாஸ். 1963 மார்ச் 18-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: அரசியல் சட்டத்தின் 6-வது திருத்தம் தரும் வக்கீல் உரிமை மாநிலக் கோர்ட்டிலும் செல்லும், கிரிமினல் வழக்கில் பணமில்லாதவருக்கு அரசே வக்கீல் தரவேண்டும்.

தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். 1942-ல் இதே கேள்வி வந்தபோது சிறுபான்மையில் நின்று மாறுபட்டு எழுதியவர் அவர். 21 வருஷம் கழித்து அந்தப் பழைய தீர்ப்பைத் தன் கையாலேயே மாற்றி எழுதினார். அதே பிளாக் டிங்கர் வழக்கில் ஃபோர்டாஸை எதிர்த்து எழுதினார். நாம் பக்கத்தில் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருப்போம்.

மனுவின் படத்தையும் பார்த்தேன். கோடு போட்ட தாளில், எழுத்தெழுத்தாக, பொறுமையாக எழுதியிருக்கிறார். நம் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. காலையில் நாங்கள் எழும் முன்பே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் கார்பன் தாள் வைத்து மனு எழுதிக் கொடுத்து, காசு வேண்டாம் போ என்று அனுப்புவீர்கள். உள்ளே அம்மா பாத்திரத்தை ஓசையாக வைப்பாள். அந்தக் கார்பன் வாசனை நூலகத்தில் அப்படியே மூக்கில் ஏறியது. எனக்கு உங்களைப் பார்க்கவேண்டும் அப்பா. வேறென்ன எழுத.

இத்தனையும் எழுதக் காரணம் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கம். பெரியப்பா போட்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கில் வக்கீல் வைக்காமல் நீங்களே ஆஜராகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கிடியனின் வழக்கு 1963 ஆகஸ்டில் மறுபடி நடந்தது. அதே ஊர், அதே முக்கிய சாட்சி. இந்தத் தடவை பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தார், சாட்சியைத் துருவித் துருவிக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் ஜூரி குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டது.

அது கிரிமினல், இது சிவில் என்பீர்கள். நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த உங்களுக்குத் தெரியாத சட்டமா? தெரியும். ஆனால் நீதிபதி கேட்பது உங்கள் காதில் விழவேண்டுமே. எதிரே நிற்பது கூடப் பிறந்த அண்ணன் என்னும்போது உங்கள் குரல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சங்கரன்கோவில் அத்தையும் இதில் பாகஸ்தர். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் அவருக்கு வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். கடையநல்லூர் மாமாவை உடனே அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

உங்கள் வக்கீல் ஃபீஸுக்கு, லாக்கரில் இருக்கும் என் இரட்டைவடச் சங்கிலியை வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே அதைப் போடுவதே இல்லை. இந்த மாதம் பணம் அனுப்பத் தாமதமாகும், வங்கி விஷயம், கவலைப்படாதீர்கள். சாவி அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்ததா என்று கேளுங்கள். பிராதின் நகல் ஒன்றையும், வாய்தா தேதியையும் மறக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்