பட்டனுக்கு ஒரு பேரு வைங்கப்பா! டெஸ்க்டாப் டெவலப்பர் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்டோஸ்ல டெஸ்க்டாப் ஆப் எழுதுற டெவலப்பர் மக்களே, வணக்கம்.

நான் ஒரு ஆட்டோமேஷன் டெஸ்டர், அதாவது ஸ்கிரிப்ட் எழுதி ஆப்பைத் தானா ஓட விட்டுச் சோதிக்கிற ஆளு. நீங்க பார்த்துப் பார்த்து வரையுற ஸ்க்ரீன் என் ஸ்கிரிப்ட்டுக்குக் கண்ணுல தெரியாது. கலரு, ஷேடோ எதுவும் அதுக்குக் கிடையாது. அதுக்குத் தெரியுறது யுஐ ஆட்டோமேஷன் ட்ரீ மட்டும்தான், டெஸ்க்டாப்ல ஆரம்பிச்சு விண்டோ, அதுக்குள்ள குரூப், அதுக்குள்ள பட்டன்னு கிளை கிளையா இறங்குமே, அது. 2006ல டாட்நெட் 3.0 வந்தப்பவே விண்டோஸ் ஆப்புக்கு ஸ்க்ரீன் கட்டுற டபிள்யூபிஎஃப் கூட சேர்ந்து வந்த சமாச்சாரம். இன்னைக்கும் நம்மாளுங்க பாதிப் பேரு இந்த ட்ரீயைக் காட்டுற இன்ஸ்பெக்ட் டூலை ஒரு தடவைகூட திறந்து பார்த்திருக்க மாட்டாங்க.

போன வாரக் கதை கேளுங்க. எங்க பில்லிங் ஸ்க்ரீன்ல யாரோ ஒரு புண்ணியவான் பார்க்க நல்லா இருக்கட்டும்னு நாலு பட்டனைச் சுத்தி ஒரு குரூப்பாக்ஸ் போட்டுட்டாரு, அவ்ளோதான், காலையில வந்து பார்த்தா 41 டெஸ்ட் ஃபெயிலாகி செவப்பு. ஏன்னா என் ஸ்கிரிப்ட்டுல சேவ் பட்டனோட அட்ரஸ் "விண்டோ, ரெண்டாவது கஸ்டம், அதுல அஞ்சாவது பட்டன்"னு இருந்துச்சு (கஸ்டம்னா நாமளே கட்டுன பகுதிக்கு ட்ரீ வைக்கிற வகைப் பேரு). நடுவுல புதுசா ஒரு குரூப் முளைச்சதும் அந்த கஸ்டத்துக்கு நேர் கீழ அஞ்சாவது பட்டன்னு ஒண்ணே இல்ல. வழி கேட்டா "மூணாவது தெரு, அஞ்சாவது வீடு"ன்னு சொல்லிட்டு ராத்திரியோட ராத்திரியா நடுவுல ஒரு தெருவைப் போட்டா தபால்காரர் என்னதான் பண்ணுவாரு?

"பட்டன் மேல இருக்குற எழுத்தை வச்சுத் தேட வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. தேடலாம். ஆனா நீங்கதான் எழுத்தையே எடுத்துட்டு ஒரு ஃப்ளாப்பி படத்தை ஒட்டிட்டீங்களே, ட்ரீல நேம்ங்கிற இடம் காலியா நிக்குது. எழுத்து இருந்தாலும் நிம்மதி இல்ல, ஆப்பைத் தமிழுக்கு மாத்துனா 'சேவ்' போய் 'சேமி' வந்துரும், மறுபடி எல்லாம் செவப்பு. மொழி மாறினாலும் மாறாம நிக்கிறதுக்குன்னே வச்சதுதான் ஆட்டோமேஷன்ஐடி, பட்டனுக்கு நீங்க வைக்கிற அடையாளப் பேரு. டபிள்யூபிஎஃப்ல நீங்க கோட்ல எக்ஸ்நேம் (x:Name)னு ஒரு பேரு குடுத்தாலே போதும், தனியா ஐடி குடுக்காத இடத்துல அதுவே ஐடியா வந்து நிக்கும். ஒரு வார்த்தை, அதுக்கு இவ்ளோ கெஞ்சல்.

இன்னொண்ணு, "ஐடி குடுத்தாச்சே, இன்னும் என்ன"ன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்தாரு. போய்ப் பார்த்தா கிரிட்டுக்குக் குடுத்திருக்காரு. கிரிட், ஸ்டாக்பேனல், பார்டர்னு மத்ததை அடுக்கவும் சுத்தி வளைக்கவும் இருக்குற இதுக்கெல்லாம், ட்ரீல கொண்டு வந்து காட்டுற ஆட்டோமேஷன் பியர் கிடையாது, அதனால ட்ரீக்குள்ளயே வராது. ஸ்க்ரீனை வரையுறதுக்கான உங்க விஷுவல் ட்ரீல இருக்குறதெல்லாம் எங்க ட்ரீல இருக்கும்னு நினைக்காதீங்க, ரெண்டும் வேற. பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ் மாதிரி நிஜமா கை படுற இடத்துல குடுங்க.

அடுத்து லிஸ்ட். கஸ்டமர் லிஸ்ட்டுக்கு, ஒவ்வொரு வரியும் எப்படித் தெரியணும்னு சொல்ற டேட்டா டெம்ப்ளேட் போட்டு பேரு, ஊரு, பாக்கித் தொகைன்னு சூப்பரா காட்டுறீங்க, ஆனா ட்ரீல பார்த்தா ஒவ்வொரு வரிக்கும் நேம் "பில்லிங் டாட் மாடல்ஸ் டாட் கஸ்டமர்". முதல் வரியும் அதான், ஐம்பதாவது வரியும் அதான். அந்த கிளாஸ்ல, தன்னை எழுத்தாச் சொல்ற டூஸ்ட்ரிங்கை ஓவர்ரைடு பண்ணி மாத்தல, ஐட்டம் ஸ்டைல்ல நேமை கஸ்டமர் பேரோட பைண்ட் பண்ணி இணைக்கவும் இல்ல, அதனால அப்படியே கிளாஸ் பேரு வந்து உக்காந்துருச்சு. எனக்கு இது தலைவலி, அவ்ளோதான். ஆனா என்விடிஏ மாதிரி, ஸ்க்ரீனைச் சத்தமாப் படிச்சுச் சொல்ற ஸ்க்ரீன் ரீடர் படிக்கிறதும் இதே ட்ரீதான். கண்ணு தெரியாத ஒரு அக்கவுண்டன்ட் அம்மா கீழ் ஆரோ தட்டத் தட்ட ஒரே கிளாஸ் பேரு திரும்பத் திரும்ப காதுல விழுந்தா எந்த வரியில இருக்கோம்னு எப்படித் தெரியும்? படம் ஒட்டுன பட்டனுக்குப் போனா வெறும் "பட்டன்", சேவா டெலிட்டான்னு அவங்கதான் யூகிக்கணும். நான் ஸ்கிரிப்ட்டை மாத்திக்குவேன், அவங்க எதை மாத்துவாங்க?

எங்க பக்கமும் சுத்தம் இல்ல, ஒத்துக்குறேன். டெஸ்க்டாப் ரூட்ல நின்னுக்கிட்டு டிசென்டன்ட்ஸ், அதாவது கீழ இருக்குற எல்லா அடுக்கையும் தேடுன்னு எழுதிருக்கேன், திறந்து கிடக்குற எல்லா ஆப்போட கிளைக்குள்ளயும் அது நுழைஞ்சுட்டு வரும், மெஷின் திணறும். மொதல்ல சில்ட்ரன், அதாவது நேர் கீழ இருக்குற அடுக்கை மட்டும் தேடி நம்ம விண்டோவைப் பிடிச்சுட்டு அப்புறம் உள்ள இறங்கணும்னு டாக்குமென்ட்லயே எச்சரிக்கை இருக்கு, நான் படிக்கல. ஸ்க்ரோல் பண்ணாத வரி ட்ரீல இல்லைங்கிறதுக்கும் உங்களைத் திட்டிருக்கேன், அது கண்ணுக்குத் தெரியுற வரியை மட்டும் உருவாக்குற வர்ச்சுவலைசேஷன் பண்ற வேலை, உங்க தப்பு இல்ல. அதுக்கு ஒரு சாரி.

இப்ப கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. மொத்த ஆப்பையும் திருத்தச் சொல்லல. புதுசா பட்டன் போடுறப்ப ஒரு எக்ஸ்நேம், படம் மட்டும் இருந்தா கூடவே ஆட்டோமேஷன் நேம் ஒண்ணு, கோட் ரிவ்யூல யாராவது ஒருத்தர் "ஐடி எங்க"ன்னு ஒரு கேள்வி. பேரு 'பட்டன்1'னு மட்டும் இருக்க வேணாம், அது நாளைக்கு 'பட்டன்12' ஆகி நின்னா எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

பில்லிங் ஸ்க்ரீன்ல பேரு இல்லாத பட்டன் லிஸ்ட்டை டிக்கெட்ல போட்டு வச்சிருக்கேன், மொத்தம் 14. டெலிட் பட்டன்ல இருந்து ஆரம்பிச்சா புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
உங்க ட்ரீக்குள்ள தினமும் ஏறி இறங்குற ஒருத்தன்