எண்ணெய் வைத்துக்கொண்டாயா?

மயிலாடுதுறை,
மார்கழி 9

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, கை ஒழியவில்லை. திருக்கார்த்திகையன்று விளக்கு வைக்கப் போன என் வீட்டுக்காரி, திண்ணையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

சமையலை ஒருவாறு சமாளித்துவிட்டேன், ரசம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. திண்டாட்டமெல்லாம் அவள் தலையை வாரிப் பின்னுவதில்தான். முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது பின்னலா, வைக்கோல்பிரியா?" என்று கேட்டாள். இப்போது தேறிவிட்டேன். இந்தக் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகிறது, 24 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே அதற்குப் போதும். காலையில் எழுந்ததும் பாட்டிலை வெந்நீரில் வைப்பது என் முதல் வேலை. அப்புறம் சிக்கெடுத்து, எண்ணெய் தேய்த்து, வகிடெடுக்க வேண்டும். நாலாம் நாள், உச்சிக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு விரலில் தட்டுப்பட்டது. ஏழு வயதில் கிணற்றடியில் விழுந்தாளாம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பேத்தி தொலைபேசியை வைக்கும்போதெல்லாம் 'லவ் யூ தாத்தா' என்கிறாள், என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் 'சரி, சரி' என்று வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். சிரித்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 'நேசிக்கிறேன்' என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். காதல் என்ற சொல் அந்தக் காலத்தில் தாராளமாகத்தான் புழங்கியது, பெற்ற மகனைக்கூடக் காதலன் என்றார்கள். இன்று நீ அப்படிப் பேசினால் மருமகள் டாக்டரிடம் அழைத்துப் போவாள். பாசம் என்றாலோ யமன் கையில் இருக்கும் கயிறும் அதுதான். நம் வயதுக்கு அந்தச் சொல் வேண்டாம்.

தலைவாரும் வேலையில் எனக்கு ஒன்று தோன்றியது. சிநேகம் என்கிறோமே, வடமொழியில் அதற்கு எண்ணெய்ப் பசை என்றும் பொருள், அன்பு என்றும் பொருள். ஆயுர்வேதத்தில் எண்ணெய் சிகிச்சைக்குச் சிநேகனம் என்றே பெயர். நம் பக்கமும் அதே கதைதான். வள்ளுவர் இனியவை கூறலில் அன்பை 'ஈரம்' என்கிறார். பசை என்றாலும் அன்பு என்று ஒரு பொருள் உண்டு. இப்போது பசையுள்ள இடம் என்றால் பணமுள்ள இடம், அதை விடு. மனத்தில் ஈரமில்லாதவன் என்றுதானே இன்றும் திட்டுகிறோம்? வெயிலும் வறட்சியும் கண்ட ஊர்க்காரர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்?

சிதம்பரத்தில் விடுதியில் இருந்தபோது சனிக்கிழமைதோறும் ஒரே நல்லெண்ணெய்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு நீ என் முதுகில் தேய்த்ததும் நான் உன் முதுகில் தேய்த்ததும் நினைவிருக்கிறதா? என் கண்ணில் சீயக்காயை அப்பிவிட்டுச் சிரித்தாயே, பாவி! நாம் ஒருவருக்கொருவர் அன்பு என்று அந்த மூன்று வருஷமும் வாய் திறந்து சொன்னதில்லை. அப்பா செத்த தந்தி வந்த இரவில்கூட நீ ஒன்றும் சொல்லவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடி வரை நடந்தாய்.

ஆகவே பேத்தி அடுத்த முறை சொன்னால், "தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாயா?" என்று கேட்டுப் பார். அவளுக்குப் புரியாது. அவள் அம்மாவைக் கேட்கட்டும்.

தை பிறந்ததும் கட்டுப் பிரிக்கிறார்கள். இந்த வேலை கைவிட்டுப் போகப்போவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவளிடம் சொல்லிவிடாதே. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். வகிடு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள்.

உன்,
பழைய அறைத்தோழன்