வெள்ளித் தட்டில் ஒரு சைவ பர்கருக்கும் இடம் கொடுங்கள்

அமெரிக்க அதிபருக்கும், அந்த நாற்காலியைக் குறிவைத்துக் காத்திருக்கும் இரு கட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கையிலிருக்கும் பர்கரைப் பிடுங்குவதற்காக இந்த மடலை எழுதவில்லை. நானும் கறி சாப்பிடுகிறவன்தான். ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு அடுப்பிலும் ஆட்டுக்கறி கொதிக்கும். இதை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருப்பதற்கு உங்கள் ஆட்கள்தான் காரணம். 2019 பிப்ரவரியில் பழைமைவாதிகளின் மாநாட்டு மேடையில் டிரம்பின் முன்னாள் ஆலோசகர் செபாஸ்டியன் கோர்கா, பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பசுமைப் புதிய ஒப்பந்தம் கேட்பவர்கள் உங்கள் ஹாம்பர்கரைப் பறிக்கப் போகிறார்கள், ஸ்டாலின் கனவு கண்டும் கைகூடாத காரியம் அது என்று முழங்கினார். கைதட்டல் கிடைத்தது. ஆனால் வரலாறு அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஸ்டாலினின் உணவுத் துறையைக் கவனித்த அனஸ்தாஸ் மிகோயன் 1936-ல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஹாம்பர்கரைக் கண்டு சொக்கிப்போய், அதைச் செய்யும் இயந்திரங்களையே சோவியத் நாட்டுக்கு வாங்க ஏற்பாடு செய்தார். பிறகு போர் குறுக்கிட்டது. பன் காணாமல் போக, மிகோயன் கட்லெட் மட்டும் அங்கே நிலைத்தது. ஸ்டாலினின் ஆட்கள் ஹாம்பர்கரை ஊருக்கெல்லாம் ஊட்டத்தான் கனவு கண்டார்கள்.

2021 ஏப்ரலில் பைடன் மாதத்துக்கு ஒரு பர்கர்தான் தரப்போகிறார் என்று கிளப்பிவிட்டதும் இதே ரகம். அப்படி ஒரு திட்டம் அவரிடம் இருக்கவே இல்லை.

பர்கர் உங்களுக்கு மேடைப் பொருளும்கூட என்பது எங்களுக்குத் தெரியும். 2010-ல் ஒபாமா, ரஷ்ய அதிபர் மெட்வெடேவை ஆர்லிங்டனில் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போய்ப் பர்கர் வாங்கிக்கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு அதே கடையில் அவர் பிரெஞ்சு பாணி டிஜான் கடுகு கேட்டது, மேட்டுக்குடித்தனம் என்று தொலைக்காட்சியில் நாள் கணக்கில் அலசப்பட்டது. டிரம்ப் 2024 அக்டோபரில் பென்சில்வேனியாவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வறுவலை அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டார். அடுத்த மாதமே, பிரசார விமானத்தின் சாப்பாடு நஞ்சு என்று சொல்லிச் சில நாள்களே ஆன ராபர்ட் கென்னடி ஜூனியர், அதே விமானத்தில் மெக்டொனால்ட்ஸ் பெட்டியைக் கையில் பிடித்தபடி படத்துக்கு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பின்னாளில் அவர்தான் சுகாதார அமைச்சர்.

எல்லாவற்றிலும் உச்சம் 2019 ஜனவரி 14. பட்ஜெட் இழுபறியில் அரசு முடங்கிக் கிடந்தது. வெள்ளை மாளிகையின் சமையல் ஆட்களில் பலர் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்கள். கல்லூரிக் கால்பந்து சாம்பியன்களான கிளெம்சன் அணி விருந்துக்கு வந்தது. டிரம்ப் தன் பணத்தில் வாங்கி வைத்த பர்கர்கள், லிங்கன் படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அட்டைப்பெட்டிகளோடு வெள்ளித் தட்டுகளில் அடுக்கியிருந்தன. மெக்டொனால்ட்ஸ், வெண்டிஸ், பர்கர் கிங் என்று பெயர் பெயராகக் கோபுரங்கள். 300 பர்கர் என்று முதலில் சொன்னார். மறுநாள் ட்வீட்டில் அது 1,000 ஆகிவிட்டது. நான் அதைக் கேலி செய்யப் போவதில்லை. அந்தப் பையன்கள் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டார்கள். அந்த ஏப்ரலில் பர்கர் கிங் செயின்ட் லூயிஸில் தாவரப் புரதத்தில் செய்த இம்பாசிபிள் வாப்பரைச் சோதனையாக விற்கத் தொடங்கியது. ஆகஸ்டில் அது நாடெங்கும் வந்துவிட்டது. ஆகவே அடுத்த விருந்துக்கு அதே கடையில் அதே ஆர்டரில் ஒரு வரி சேர்ப்பது கஷ்டமில்லை.

ஏன் சேர்க்க வேண்டும்? கிளின்டனைக் கேளுங்கள். ஓட்டப் பயிற்சிக்கு நடுவே மெக்டொனால்ட்ஸில் நுழைகிறவர் என்று பேரெடுத்தவர். 2004-ல் ஒரே இதய அறுவையில் நான்கு பைபாஸ், 2010-ல் இரண்டு ஸ்டென்ட். அதற்குப் பிறகுதான் பருப்பு, பீன்ஸ், காய்கறி என்று மாறினார். ஒருவர் உடம்பை வைத்து ஊருக்கு வைத்தியம் சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால் பூமியின் கணக்கைப் பாருங்கள். பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவைத் திரட்டி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெற, வெளியேறும் பசுங்குடில் வாயு சராசரியாக 50 கிலோ. கறவை மந்தையிலிருந்து வரும் இறைச்சிக்கு 17. டோஃபுவுக்கு 2. பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை.

உங்களுக்கு வாயுக் கணக்கு பிடிக்காது என்றால் விலைக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் மாடுகள் 2025 ஜனவரியில் 8.67 கோடி. 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. வறட்சியில் புல் காய்ந்தது, தீவன விலை ஏறியது, பண்ணைக்காரர்கள் மந்தையை விற்றுத் தீர்த்தார்கள். அந்தக் கோடையில் அரைத்த மாட்டிறைச்சி ஒரு பவுண்டு 6 டாலரைத் தாண்டியது. அர்ஜென்டினாவிலிருந்து இறக்குமதி செய்யலாம் என்று டிரம்ப் சொன்னார். அவருக்கு ஓட்டுப்போட்ட பண்ணைக்காரர்களே கொதித்தார்கள். ஒரு கிடாரியைக் கறிக்கு அனுப்பாமல் சினைக்கு நிறுத்தி, அது ஈன்று, கன்று வளர்ந்து கறிக்கடைக்கு வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். எந்த அதிபர் உத்தரவு போட்டாலும் மாடு சீக்கிரம் ஈனாது. மிச்சிகனிலும் வடக்கு டகோட்டாவிலும் விளைகிற உலர் பீன்ஸ், விதைத்த மூன்று மாதத்தில் மூட்டைக்கு வந்துவிடும்.

சைவ பர்கர் விற்காது என்பது உங்கள் அடுத்த பதிலாக இருக்கும். பாதி உண்மை. மெக்டொனால்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவிலும் டாலஸிலும் மெக்பிளான்ட் என்ற தாவர பர்கரைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. அதே நிறுவனம் 1996-ல் டெல்லியில் முதல் கடை திறந்தபோது மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமலே திறந்தது. பின்னர் உருளைக்கிழங்கு, பட்டாணி போட்ட கட்லெட்டை பன்னுக்குள் வைத்துக் கொடிகட்டிப் பறக்கிறது. (உருளைக்கிழங்கில் புரதத்தைத் தேடினால் பூதக்கண்ணாடி வேண்டும், அது வேறு கதை.)

தொழிற்சாலைத் தயாரிப்புகளை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. இறைச்சி போலவே சிவந்து கசிய வேண்டும் என்பதற்காக என்னென்னவோ செய்கிறார்கள். உப்பும் குறைவில்லை. நான் சொல்வது சாதாரணக் கறுப்பு பீன்ஸ் பர்கரை. வெந்த பீன்ஸைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கட்லெட் சட்டியிலேயே கூழாகிவிடும். பாதியை மசித்து, பாதியை அப்படியே விட்டு, வதக்கிய வெங்காயம், சீரகத்தூள், கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்துத் தட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, இரும்புக்கல்லில் எண்ணெய் காய்ந்த பிறகு போட வேண்டும். ஓரம் முறுகும் முன் திருப்பக் கூடாது. மேலே உங்கள் இஷ்டப்படி சீஸும் ஊறுகாய் வெள்ளரியும் வையுங்கள்.

இதற்கு முன்னோடி இல்லை என்றும் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் இறைச்சிக்கு ரேஷன் வந்தபோது, 1943-ல் நியூயார்க் ஆளுநர் தாமஸ் டியூயி தன் மாளிகையில் பத்திரிகையாளர்களுக்குச் சோயா விருந்தே வைத்தார். குடியரசுக் கட்சிக்காரர். பிறகு இரண்டு முறை அதிபர் தேர்தலில் நின்று இரண்டு முறையும் தோற்றார். அதற்குச் சோயா காரணமில்லை.

ஆகவே என் கோரிக்கை சின்னது. அடுத்த சாம்பியன் அணி வரும்போது அறிவிப்பு, உரை எதுவும் வேண்டாம். மற்ற பர்கர்களோடு அதே தட்டில் பீன்ஸ் பர்கர்களையும் அடுக்குங்கள். முதல் கடி உங்களுடையதாக, கேமரா முன்னால் இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் தாராளமாக முகம் சுளியுங்கள், அதுவும் ஒளிபரப்பாகட்டும். பீன்ஸ் உங்களுக்கு அந்நியமும் இல்லை. நூறாண்டுக்கும் மேலாக செனட் உணவகத்தில் தினமும் பீன்ஸ் சூப் ஊற்றுகிறார்கள். அதில் பன்றிக்காலும் சேர்ந்து வேகிறது. அதைப் பற்றி செனட்டர்களுக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாக்காளன்