புது ஸ்கோப்பும் பழைய முயல்களும்

அன்புள்ள கவிக்கு,

லைசென்ஸ் வந்து, பாயிண்ட் 22 ரைஃபிளும் வாங்கிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) ஸீரோ செய்வது, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்வது எப்படி என்று எழுதுகிறேன்.

1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர், வேட்டையாடிப் பொழுதுபோக்க, இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தன் பார்வான் பார்க் நிலத்தில் முயல்களை விட்டார். இன்று உன் பண்ணை ஆடுகளுக்குப் புல் மிஞ்சாததற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா பார். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்று. பேரலின் (குழலின்) பின்பக்கத்திலிருந்து பார்த்து, 25 மீட்டரில் வைத்த அட்டையின் நடுப்புள்ளியைத் துளைக்குள் கொண்டுவா. ரைஃபிள் அசையாமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டையும் அதே புள்ளிக்குத் திருப்பு. முதல் குண்டு அட்டையிலாவது விழும்.

அப்புறம் 50 மீட்டருக்குப் போ. மணல் மூட்டை ரைஃபிளின் மரப்பகுதிக்கு அடியில் இருக்கட்டும், பேரலுக்கு அடியில் வேண்டாம். ஒரு குண்டு சுட்டதுமே ஸ்கோப்பின் குமிழைத் திருகக் கூடாது. ஐந்து குண்டு ஒரே மாதிரி சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவை அளந்து, அதற்குத் தகுந்தபடி திருகு. உன் ஸ்கோப் கால் எம்ஓஏ வகை என்றால் (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) 50 மீட்டரில் குமிழின் ஒரு கிளிக் சுமார் மூன்றரை மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒவ்வொரு குண்டின் பின்னாலும் ஓடினால் டப்பா காலியாகும், ஸீரோ கிடைக்காது.

தோட்டா விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். முயலுக்கு எதைச் சுடப்போகிறாயோ அதை வைத்தே ஸீரோ செய். வேகத் தோட்டாவில் ஸீரோ செய்துவிட்டுச் மெதுவாகப் போகும், சத்தம் குறைந்த சப்சானிக்கைப் போட்டால், 50 மீட்டரிலேயே குண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே விழலாம். முயலின் தலை எத்தனை பெரிது என்று உனக்கே தெரியும். தாடையில் பட்டால் வளைக்குள் ஓடிப்போய் நாள் கணக்கில் கிடந்து சாகும். அது வேண்டாம்.

50 மீட்டர் ஸீரோவில் 100 மீட்டர் முயலைச் சுட நினைக்காதே. அங்கே குண்டு 15 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கும். பக்கக்காற்று அடித்தால் அதோடு பக்கவாட்டில் விலகவும் செய்யும். அதிலும் வேடிக்கை, வேகத் தோட்டாவைத்தான் காற்று அதிகம் தள்ளும். 60, 70 மீட்டருக்குள் நெருங்கப் பழகு.

இன்னொன்று. சின்னத் தோட்டாதானே என்று நினைக்காதே, அது ஒன்றரை கிலோமீட்டர் போகும். கல்லிலோ தண்ணீரிலோ பட்டுத் தெறிக்கும். அட்டைக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். வரப்பின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் முயலை விட்டுவிடு.

சுட்ட அட்டையைத் தூக்கி எறியாமல் படமெடுத்து அனுப்பு. எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர் என்று ஓரத்தில் எழுதி வை. திருகியது போதுமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா