சனி, ஞாயிறு மலிவுக் கட்டணம் எங்கள் விருப்பமாக இருக்கட்டும்: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வேலூரில், காட்பாடிப் பக்கம் குடியிருக்கும் வீட்டு மின் நுகர்வோர் நான். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று பதியும் ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது, அதோடு நேரத்துக்கு ஒரு கட்டணம் என்று வரும் என்ற பேச்சு எங்கள் தெருவிலும் நடக்கிறது. பெரும்பாலும் பயத்தோடுதான் நடக்கிறது. அந்த முறையை எதிர்த்து நான் எழுதவில்லை. சரியாக வடிவமைத்தால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது நல்லது செய்யும் என்று நம்புகிறேன். அதனால்தான் அது அவசரத்தில் கெட்டுப்போகக் கூடாது என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

நான் கேட்பது இது. சனி, ஞாயிறு கட்டணம் குறைவாக இருக்கும் ஒரு வீட்டுத் திட்டத்தைக் கொண்டுவாருங்கள். வேண்டும் என்கிற குடும்பம் அதை எடுத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்கிறவர்கள் இப்போதைய முறையிலேயே இருக்கட்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. மின்சாரம் எந்த நேரத்தில் தேவைப்படுகிறது என்பதை வைத்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டலாம் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 62(3) பிரிவு சொல்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும், மின் தேவை மிக அதிகமாகும் உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூட வேண்டும் என்றன. விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1 என்று நாளும் குறித்தன. ஆனால் அந்த விதிகள் நாளின் மணிக்கணக்கைத்தான் பேசுகின்றன. வாரத்தின் நாட்களைப் பற்றி யோசிக்க வேண்டிய பொறுப்பு உங்களிடம் இருக்கிறது.

ஏன் சனி, ஞாயிறு? ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையையும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வார நாட்களில் இயந்திரங்கள் இழுக்கும் மின்சாரம் ஞாயிற்றுக்கிழமை குறைகிறது. அலுவலகங்கள், கல்லூரிகள், பள்ளிகள் எல்லாமே மூடியிருக்கின்றன. வெயிலுக்கு மட்டும் ஞாயிறு விடுமுறை கிடையாது. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் சூரிய மின்சார நிறுவுதிறன் வந்துவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகளும் சேர்ந்துகொள்கின்றன. வாங்க ஆள் இல்லாத நேரத்தில் அந்த மின்சாரத்தைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. மின் சந்தையில் யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பு வரைக்கும் விலை போகும் மாலைகள் உண்டு. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் மாலை நேரத்து ஒவ்வொரு யூனிட்டும் எவ்வளவு செலவு என்று எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வீட்டு வேலையில் ஒரு பகுதியை ஞாயிறு மதியத்துக்கு நகர்த்தினால் கழகத்துக்கும் லாபம்தான். அந்த லாபத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நகர்த்தக்கூடிய வேலை எங்களிடம் இருக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் துணி துவைப்பது, வாரத்துக்கான மாவு அரைப்பது, பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போடுவது எல்லாம் சனி, ஞாயிறுக்குத்தான் ஒதுங்குகின்றன. கிரைண்டர் பெரிதாக மின்சாரம் இழுக்காது. ஆனால் இஸ்திரிப் பெட்டி மணிக்கு ஒரு யூனிட் வரைக்கும் போகும், கீசர் இரண்டு யூனிட். மின்சார ஸ்கூட்டர் இப்போது எங்கள் பக்கம் நிறையவே ஓடுகிறது. அதைச் செய்யும் ஆலையே 2021இல் ராணிப்பேட்டையில் திறக்கப்பட்டது. ஒரு முறை முழுதாக ஏற்ற இரண்டு மூன்று யூனிட் ஆகும். ஞாயிறு பகலில் மலிவு என்றால் யாரும் அதை மாலை 7 மணிக்குச் செருக மாட்டார்கள்.

மோட்டார் விஷயம் கொஞ்சம் வேறு. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாளில்தான் சம்ப் நிறையும், நிறைந்தால்தான் மேல் தொட்டிக்கு ஏற்ற முடியும். அதை வார இறுதிக்குத் தள்ளிவைக்க முடியாது. வார நாட்களிலும் மதிய நேரத்துக்கு ஒரு சலுகை இருந்தால் மோட்டாரை அந்த நேரத்துக்கு மாற்றலாம். அடுக்குமாடிகளில் மோட்டார் பொதுப் பயன்பாட்டு மீட்டரில் ஓடுகிறது. எந்த வீட்டாரின் பழக்கத்தையும் மாற்றாமல், வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லியே நேரத்தை மாற்றிவிடலாம். இந்தத் திட்டத்தை அந்த மீட்டர்களில் தொடங்கினால்கூட நல்லதுதான்.

நகர்த்தவே முடியாதது எங்கள் ராத்திரி. கத்திரி வெயிலில் வேலூரின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது ஊரறிந்த செய்தி. ஊரைச் சுற்றிப் பாறை மலைகள், வீட்டுக்கு மேல் கான்கிரீட் தளம். பகல் முழுக்கச் சேர்ந்த சூடு நள்ளிரவு வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிற வீட்டில் இரவு 9 மணிக்கு மின்விசிறியையோ ஏசியையோ நிறுத்தச் சொல்ல முடியாது. அது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் மே மாதத்தில் ஒரு ராத்திரி சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் தங்கிப் பார்க்கட்டும். உச்ச நேரக் கூடுதல் கட்டணத்தை எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினால், மின்சாரத்தைக் கவனமில்லாமல் செலவழிப்பவரையும் வெயிலில் தவிப்பவரையும் ஒரே தட்டில் வைத்ததாகிவிடும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளை அந்தக் கூடுதல் கட்டணம் தொடவே கூடாது. உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறீர்கள். வீடுகளின் தூக்க நேரத்துக்கும் அந்தச் சலுகையைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இந்த மடலில் முக்கியமானது. நம் வீட்டுக் கட்டணம் படிக்கட்டுக் கட்டணம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு ஏற ஏற விலையும் ஏறும். அதில் 500க்கும் 501க்கும் நடுவே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். பிறகு வந்த உயர்வுகளில் எண்கள் மாறியிருந்தாலும் அமைப்பு அதேதான். அந்தக் கணக்கில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501க்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடினால் 233 ரூபாய் அதிகம், ஏனென்றால் 101 முதல் 200 வரை கிடைத்த 2.25 ரூபாய் விகிதம் பறிபோய் அதுவும் 4.50 ஆகிவிடுகிறது.

இந்தப் படிக்கட்டின் மேல் வார இறுதிச் சலுகையை அப்படியே ஒட்டினால் என்ன ஆகும்? 480 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அதே விகிதத்தில் 1,605 ரூபாய் வரும். சனி, ஞாயிறு மலிவு என்று நம்பி அந்த வீட்டார் கூடுதலாக 30 யூனிட் செலவழித்தால் கணக்கு 510 ஆகும். அதற்குக் கட்டணம் 2,030 ரூபாய். 425 ரூபாய் ஏறிவிட்டது. அந்த 510 யூனிட்டில் 150 யூனிட் வார இறுதியில் போனது என்று வைத்து 20 சதவீதம் கழித்தாலும் கிடைப்பது சுமார் 120 ரூபாய்தான். சலுகைத் திட்டம் என்று நம்பி எடுத்த குடும்பம், கையில் இருந்த 300 ரூபாயையும் இழந்து நிற்கும். அப்புறம் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் இந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே, திட்டத்தில் சேருகிறவர்களுக்கு வார இறுதி யூனிட்டுகளைப் படிக்கட்டுக்கு வெளியே வைத்து, தனி விலையில் கணக்கிடுங்கள். முடியாது என்றால், 500 என்ற எல்லையைத் தாண்டினார்களா என்று பார்க்கும்போதாவது அந்த யூனிட்டுகளைச் சேர்க்காதீர்கள். இது இல்லாமல் 20 சதவீதம், 30 சதவீதம் என்று எவ்வளவு தள்ளுபடி அறிவித்தாலும் பயன் இல்லை.

யாருக்கு இந்தத் திட்டம் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200, 250 யூனிட் செலவழிக்கும் வீட்டில் மிச்சமாவது டீ செலவுக்குக்கூடக் காணாது. அவர்களைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். விஐடியில் படிக்கும் பிள்ளைகள், சிஎம்சிக்கு வைத்தியம் பார்க்க வந்து மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் என்று எங்கள் ஊரில் வாடகைக் குடித்தனம் அதிகம். நிறைய வீடுகளில் உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வாங்கிக்கொள்கிறார். சலுகை அந்த இடத்திலேயே நின்றுவிடும், அறையில் இருப்பவருக்கு வந்து சேராது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு கிடைக்க இப்போதிருக்கும் நடைமுறையை எளிதாக்கினால்தான் அவர்களுக்கு வழி பிறக்கும். மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கும், லாங் பஜார் கடைகளில் ஞாயிறும் நிற்கிறவர்களுக்கும் வார விடுமுறை வேறு நாளில் வரும். மதிய நேரச் சலுகை வாரம் முழுக்க இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அவர்களும் ஒரு காரணம்.

வெளியே இப்படி நடக்கிறதா என்று கேட்டால், நடக்கிறது. ஸ்பெயினில் 2021 ஜூன் முதல் வீடுகளுக்கு சனி, ஞாயிறும் தேசிய விடுமுறை நாட்களும் முழுக்க மலிவு நேரம். கனடாவின் ஒன்டாரியோவிலும் நேரவாரிக் கட்டணத்தில் வார இறுதியும் விடுமுறையும் நாள் முழுக்கக் குறைந்த விலைதான். எனக்கு அங்கே பிடித்தது இன்னொன்று. 2020 நவம்பரிலிருந்து அந்த மக்கள் நேரவாரிக் கட்டணத்தையோ நம்முடையதைப் போன்ற படிநிலைக் கட்டணத்தையோ தாங்களே தேர்ந்தெடுக்கலாம். நம் ஊரிலும் பொங்கல், தீபாவளி, தமிழ்ப் புத்தாண்டு போன்ற அரசு விடுமுறைகளை ஞாயிறு மாதிரியே கணக்கில் எடுங்கள். அந்த நாட்களிலும் ஆலைகள் மூடித்தானே இருக்கின்றன.

தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு முன்னால் எங்களுக்குத் தகவல் வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய ஒவ்வொரு வீட்டுக்கும், குறைந்தது ஒரு கோடைக்காலம் அடங்கிய ஓராண்டுக்கு, ரசீதில் இரண்டு தொகைகளை அச்சிடுங்கள். பழைய முறையில் இவ்வளவு, வார இறுதித் திட்டத்தில் இருந்திருந்தால் இவ்வளவு. பணம் பழைய முறையிலேயே வாங்குங்கள். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் மாமியாரே முடிவு சொல்லிவிடுவார். செல்பேசிச் செயலியில் மட்டும் தகவல் வைத்தால் அவரைப் போன்றவர்களுக்கு அது எட்டாது, காகிதத்திலும் குறுஞ்செய்தியிலும் தமிழில் வர வேண்டும். சேர்ந்த பிறகு ஒத்துவரவில்லை என்றால், அடுத்த ரசீதிலேயே அபராதம் இல்லாமல் பழைய முறைக்குத் திரும்பும் உரிமையும் வேண்டும். மாதம் ஒரு முறை கணக்கெடுப்பு என்ற நெடுநாள் கோரிக்கையும் ஸ்மார்ட் மீட்டரோடு சேர்ந்து நிறைவேறலாம். இரண்டு மாதம் கழித்து வரும் ரசீதைப் பார்த்து யாரும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. கட்டண மாற்றத்துக்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்டுப் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்கிறது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கூட்டம் நடத்தினீர்கள். வேலையை விட்டுவிட்டு இங்கிருந்து சென்னைக்குப் போய்ப் பேச எத்தனை குடும்பத்தால் முடியும்? வீடுகளுக்கான நேரவாரிக் கட்டணம் குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை வேலூரிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடத்துங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து மக்கள் வர முடியும். வேலூர் மண்டலத்துத் துணை மின் நிலையங்களில் ஞாயிறு தேவையும் வார நாள் தேவையும் மணிவாரியாக எவ்வளவு என்ற விவரத்தை அதற்கு முன்பே வெளியிடுங்கள். நாங்கள் எங்கள் இபி ரசீதுகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு வீட்டு மின் நுகர்வோர்