என் பெயரைக் கேட்டவருக்கு

எல்லாருக்கும் வணக்கம். இந்த நான்கு மாதம் எங்கள் வீட்டில் எப்படிப் போனது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுக் காலை தானே எழுந்து முனைக் கடைக்குப் போய் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) வாங்கி வந்தார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் கோடோ ஆட்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கோடோ தெரியாதவர்களுக்கு: அது கணினி, போன் விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருள், கேம் எஞ்சின் என்பார்கள். அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இருவர் தொடங்கியது, 2014 பிப்ரவரியில் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். எம்ஐடி உரிமம். காசு கிடையாது, நாம் செய்ததை விற்றாலும் பங்கு கேட்க மாட்டார்கள். 2023 செப்டம்பரில் வேறொரு பெரிய எஞ்சின் புதுக் கட்டணம் அறிவித்ததும் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து சேர்ந்தார்கள். நான் வந்தது வேறு காரணத்துக்காக. வாரம் முழுக்கப் பள்ளியில் பர்மிய எழுத்து எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்து விளையாட்டு செய்ய வேண்டும். பழைய 3ஆம் பதிப்பில் 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதை வைத்து எந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது? 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைச் சேர்த்து, எழுத்துகளைக் கோத்துத் திரையில் காட்டும் பகுதியையே புதிதாகச் செய்தார்கள். கொம்பு முன்னால் வந்தது. பர்மிய எழுத்தும் சரியாக வந்தது.

சரி, சொல்ல வந்தது இதுதான். கோடோவை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஆவணத்தில் எழுத்துரு பற்றிய பக்கத்தில் ஒரு வரி குழப்பமாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்பினேன். அப்புறம் ஒன்பது நாள் அந்தப் பக்கமே போகவில்லை, கரண்டும் இல்லை, மனசும் இல்லை. திரும்பித் திறந்தால், சரிபார்ப்பவர் எழுதியிருந்தார்: திருத்தம் சரி, சேர்ப்பதற்கு முன் ஒரு கேள்வி, உங்கள் கமிட்டில் (அனுப்பிய திருத்தத்தின் பதிவில்) பெயர் 'யூசர்1' என்று இருக்கிறது, சேர்த்துவிட்டால் அது அப்படியே வரலாற்றில் நின்றுவிடும், உங்களுக்கு என்ன பெயர் வேண்டும்? அவசரமில்லை, காத்திருக்கிறேன். கீழே எந்தக் கட்டளையை அடிக்க வேண்டும் என்பதையும் எழுதியிருந்தார். லேப்டாப் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அந்த 'யூசர்1' பழைய ஆள் விட்டுப்போனது.

என்ன பெயர் வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. நம் வீடுகளில் பலருக்கும் இரண்டு பெயர்தானே. அடையாள அட்டையில், பள்ளிக்கூடத்தில், ஆபீஸில் பர்மியப் பெயர். பாட்டி வைத்த தமிழ்ப் பெயர் வீட்டுக்குள் கூப்பிடவும் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லவும் மட்டும். முதலில் பழக்கத்தில் பர்மியப் பெயரைத்தான் அடித்தேன். பிறகு அழித்துவிட்டுத் தமிழ்ப் பெயரை, தமிழ் எழுத்திலேயே அடித்தேன். இப்படி வைக்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக, என் திரையில் நன்றாகத் தெரிகிறது, எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். எந்த ஊர்க்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. சேர்த்த அன்று நன்றி என்று போட்டு என் பெயரைத் தமிழிலேயே ஒட்டியிருந்தார்.

அதை அப்பாவிடம் போனில் காட்டினேன். கோயில் பள்ளியில் படித்த தமிழ், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விரலை வைத்து வாசித்துவிட்டு, "இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?" என்று கேட்டார். பார்க்கலாம் அப்பா என்றேன். போனை ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நெட் இல்லாத நாட்களுக்கு ஆவணம் முழுவதையும் தரவிறக்கி வைத்துக்கொள் என்று வழி காட்டிய அக்கா, எஞ்சினைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டை (செய்த விளையாட்டைப் போனிலும் கணினியிலும் ஓடும்படி மாற்றத் தேவையான கோப்புகளை) பென் டிரைவில் போட்டு டீக்கடை வரை கொண்டுவந்து கொடுத்த தம்பி, இன்வெர்ட்டர் இருந்த தன் வீட்டில் என்னை உட்காரவைத்துச் சோறும் போட்ட பக்கத்து வீட்டு மாமி, பழைய போன்களில் விளையாட்டை ஓட்டிப் பார்த்த பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

அடுத்து வெப்லேட்டில் (எல்லாரும் சேர்ந்து மொழிபெயர்க்கும் இணையதளம்) கோடோவின் தமிழ் மொழிபெயர்ப்பில் இறங்குகிறேன், வாரத்துக்கு இருபது வரியாவது. புதிதாக யாராவது திருத்தம் அனுப்பி அதில் 'யூசர்' என்று நின்றால், நானும் கேட்பேன், பதில் வரும்வரை காத்திருப்பேன்.

யாங்கோனில் இருப்பவர்கள், எஞ்சினும் டெம்ப்ளேட்டும் வேண்டுமென்றால் ஞாயிறு வகுப்பு முடியும் நேரத்துக்குப் பென் டிரைவோடு வாருங்கள், ஏற்றித் தருகிறேன்.